தூங்குமூஞ்சிக்குப் பதவி உயர்வு

காலையில் அவளுக்கு முன்னால் அவளுடைய இடது முழங்கால் எழுந்துவிடும். உள்ளே யாரோ ஆணி திருகுவதுபோல ஒரு வலி. அதைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு வலது முழங்காலும் எழுந்துகொள்ளும். இரண்டும் எழுந்த பிறகுதான் அவள் எழுவாள்.

ஆற்றுக்கு இறங்க அறுபத்தோரு படிகள். காலை ஆறு மணிக்கு ஒரு தரம், மாலை ஆறு மணிக்கு ஒரு தரம். மழை மாதத்தில் மணிக்கொரு தரம். இருபத்திரண்டு வருடம் இறங்கி ஏறியதில் படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்துவிட்டது. முழங்கால் தேய்ந்தது மட்டும் வெளியே தெரியவில்லை.

படிகளின் ஓரமாக, அடியிலிருந்து மேல்வரை, கோடும் எண்ணும் போட்ட இரும்புப் பலகைகள் நட்டிருந்தன. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதி, மேலே ஏறிவந்து நதிப் பதிவேட்டுத் துறைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஊரில் அவளை ‘அளவு’ என்றே கூப்பிட்டார்கள். தண்ணீர் ஏற ஏற, இறங்க வேண்டிய படிகள் குறையும். அந்த வகையில் வெள்ளம் அவள் முழங்காலுக்கு நல்லதுதான்.

ஆற்றின் பெயர் தூங்குமூஞ்சி. காகிதத்தில் வேறு பெயர் உண்டு. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. வருடத்தில் பதினோரு மாதம், கடன்காரன் வீட்டைக் கடக்கிறவன்போலச் சத்தமில்லாமல் வந்து, பலகைகளைத் தாண்டி முந்நூறு அடி போய்ப் பெரிய ஆற்றில் கலந்துவிடும். பன்னிரண்டாவது மாதம் விழித்துக்கொள்ளும். விழித்தால், இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் பள்ளத் தெருவுக்குள் நேராக நுழையும்.

பள்ளத் தெருவில் நூற்று நாற்பது வீடுகள். எல்லோரும் மருத்துவமனை விரிப்புகளையும் விடுதிப் போர்வைகளையும் துவைத்துப் பிழைக்கிறவர்கள். அவளுடைய தங்கையும் அங்கேதான். தங்கை புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து மூன்று வருடமாகக் கட்டிலில் கிடந்தார். அவரைக் கட்டிலோடு தூக்க நான்கு ஆள் வேண்டும். நான்கு ஆள் சேர்க்கக் கால் மணி நேரம். மேட்டுக்குக் கொண்டுபோக இன்னொரு கால் மணி நேரம். தண்ணீர் ஐந்து மீட்டர் கோட்டைத் தொட்டதிலிருந்து தெருவுக்குள் வரவும் அதே அரை மணி நேரம்தான். ஐந்தைத் தொட்டதும் படிக்கு மேலே இருக்கும் தகரக் கொட்டகையைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றி அபாயச் சங்கை ஊத வேண்டும். கொட்டகைச் சாவி அவள் இடுப்பில் தொங்கும்.

அந்த அரை மணி நேரம்தான் அவளுடைய வேலை. மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை துறையின் ஜீப் வந்தது. வந்தவர் ஒரு கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, சாவியையும் வாங்கிக்கொண்டார். ‘வட்டாரத்தின் முதன்மை ஆறுகளும் துணையாறுகளும்’ என்ற பதிவேட்டின் ஏழாம் பதிப்பு வெளியாகிவிட்டது. ஐம்பது கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் இனித் துணையாறு ஆகாது. மேற்படி ஆறு நாற்பத்தொன்பதே முக்கால் கிலோமீட்டர் மட்டுமே உள்ளதால் நீக்கப்படுகிறது. இல்லாத ஆற்றுக்கு அளவு பார்ப்பவரோ சங்கோ தேவையில்லை. இதுவரை அது ஓடியதற்குத் துறை பொறுப்பேற்காது.

“அப்ப தண்ணி ஏறுனா யாருங்க சங்கு ஊதறது?” என்று கேட்டாள்.

வந்தவர் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “அதப் பத்தி ஒண்ணும் போடலையேம்மா” என்றார். சாவி ஜீப்பில் ஏறிப் போய்விட்டது. மழை மாதத்துக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

பதிவேட்டு அலுவலகம் இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில், எந்த ஆறும் கண்ணில் படாத ஒரு மேட்டின்மேல் இருந்தது. சுவர் முழுக்க ஒரு வரைபடம். அதன் நடுவில் வட்டமாக ஓர் ஏரி. மூன்றாம் பதிப்பின்போது யாரோ தேநீர்க் குவளையை வைத்த கறை அது என்றும், நான்காம் பதிப்பில் அதற்கு நீல வண்ணம் அடித்தார்கள் என்றும், ஐந்தாம் பதிப்பிலிருந்து அந்த ஏரிக்கு இரண்டு காவலாளிகளும் ஒரு படகும் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும் வாசலில் உட்கார்ந்திருந்த பியூன் சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தக் காவலாளிகளில் ஒருவர் அவருடைய மச்சான்.

பதிவேட்டு அதிகாரி அவளை உட்காரச் சொல்லவில்லை. நிற்கச் சொல்லவும் இல்லை.

“சார், எங்க ஆத்த எடுத்துட்டீங்களாம்.”

“எந்த ஆறு?”

“தூங்குமூஞ்சி.”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். “அப்படி ஒண்ணு இல்லையேம்மா.”

“அதான் சார், எடுத்துட்டீங்க.”

“இல்லாதத எப்படிம்மா எடுக்க முடியும்?”

முழங்கால் வலித்தது. “அப்ப அதுல ஓடறது என்ன சார்?”

“வடிகால்னு சொல்லலாம்னு பாத்தேன். வடிகால் வேற துறை, அவங்க சண்டைக்கு வருவாங்க. ஓடைன்னா வனத்துறை. அதனால இப்போதைக்கு ‘வகைப்படுத்தப்படாத ஈரம்’னு வச்சிருக்கோம்.”

“போன தடவ அந்த ஈரம் எங்க தங்கச்சி வீட்டுக் கூரை வரைக்கும் வந்துச்சுங்க.”

“வந்திருக்கும். ஆனா ஆறா வரல பாருங்க” என்றார் அதிகாரி, பொறுமையாக. அவர் பொறுமையான மனிதர். “ஏம்மா, நான் முப்பது வருஷமா ஆறுகள நிர்வாகம் பண்றேன். ஒரு தடவகூட என் கால் நனஞ்சதில்ல. அதுக்குப் பேருதான் நிர்வாகம்.”

கால் கிலோமீட்டர்தானே குறைகிறது, வளைவுகளைச் சேர்த்து அளந்தீர்களா என்று கேட்டாள். குவாரிக்குப் பக்கத்தில் மட்டும் தூங்குமூஞ்சி நான்கு தரம் மடங்கும்.

“வளையறது ஆத்தோட சொந்த விஷயம். துறை நேர்கோட்டுலதான் அளக்கும்.”

மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினொரு பக்கம். ‘விண்ணப்பிப்பவர் ஆறா, ஆற்றின் பிரதிநிதியா’ என்று ஒரு கேள்வி. ‘கலக்கும் ஆற்றின் சம்மதம்’ என்று ஒரு கட்டம். கடைசிப் பக்கத்தில் ‘ஆற்றின் கையொப்பம் அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை.’

“இதுல என்னங்க வைக்கறது?”

“ஒரு பாட்டில் தண்ணி புடிச்சுட்டு வாங்க. அரக்கு வச்சு முத்திரை போட்டு இணைச்சிருவோம்.”

மறு வாரம் பாட்டில் கொண்டுபோனாள். முத்திரை போட்டு ஜன்னலோர அலமாரியில் வைத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்துப் போனபோது பாட்டில் பாதியாக இருந்தது; வெயிலா, பியூனா என்று தெரியவில்லை. அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ‘நீர்வரத்து கவலைக்கிடம்’ என்று கோப்பில் எழுதினார்.

இதற்கிடையில் அவள் தங்கையோடு சேர்ந்து விரிப்பு துவைத்தாள். ஆனாலும் காலையும் மாலையும் படியிறங்கி அளவு பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்தாள். தொலைபேசியில் சொல்ல ஆளில்லை. தங்கையிடம் சொன்னாள்.

“ஒண்ணு எழுபது.”

“அக்கா, எனக்கு எதுக்குச் சொல்ற? நான் என்ன பண்ணப்போறேன் அத வச்சு?”

“யார்கிட்டயாவது சொல்லணும்டி. இருபத்திரண்டு வருஷமாச் சொல்லிப் பழகிட்டேன்.”

கட்டிலில் கிடந்த தங்கை புருஷன், “என்கிட்ட சொல்லுங்க அண்ணி. எனக்கும் வேற வேல இல்ல” என்றார். அன்றிலிருந்து தினமும் அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். துறை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஒருநாள், “அண்ணி, சாவி வந்துருமா?” என்றார். “வந்துரும்” என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நான்காவது மாதம் ஆய்வுக் குழு வந்தது. ஏழு பேர். இரண்டு ஆறுகளும் கூடுகிற இடத்தை நேரில் பார்த்து, தூங்குமூஞ்சி உண்மையிலேயே பெரிய ஆற்றில் கலக்கிறதா என்று முடிவு செய்வார்கள். கலக்கிறது என்று எழுதினால் நீளத்தில் விலக்கு கிடைக்கும், சாவி திரும்பி வரும்.

துறையிடம் படகு இல்லை. இருந்த ஒரே படகு தேநீர்க் கறை ஏரிக்குப் போய்விட்டது. அதனால் கரையில் ஆள் ஏற்றிப் பிழைக்கிற படகுக்காரரை அவள் போய்க் கூப்பிட்டாள். பத்து மாதம் தன் கையால் செதுக்கிக் கட்டிய படகு. அதைத் தவிர அவருக்குச் சொத்து என்று ஒரு துடுப்பு இருந்தது.

குழு ஏறியதும் ஏழு பேரும் நிழல் விழுந்த பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். படகு சாய்ந்தது.

“ஐயா, எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்தீங்கன்னா, எது பெரிய ஆறு எது சின்ன ஆறுன்னு உள்ள போயித்தான் பாக்கணும்” என்றார் படகுக்காரர்.

நான்கு பேரைக் கெஞ்சி எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டியிருந்தது. வெயிலில் உட்கார யார் இளையவர் என்று பணிமூப்புப் பட்டியலைப் பார்த்தார்கள்.

அவளுடைய கெட்ட நேரம், அன்று காலைதான் பெரிய ஆற்றில் மேலே அணையைத் திறந்திருந்தார்கள். பெரிய ஆறு பொங்கிவந்து, போக இடமில்லாமல், தூங்குமூஞ்சிக்குள் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. வருடத்தில் நாலைந்து தரம் நடப்பதுதான். குழுத் தலைவர் தன் பயணத் திட்டத்தாளைக் கிழித்து ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டார். அது பெரிய ஆற்றிலிருந்து புறப்பட்டுத் தூங்குமூஞ்சிக்குள் போயிற்று. குழு அதைப் பார்த்தது. இன்னொரு துண்டு போட்டார். அதுவும் போயிற்று.

“குறிச்சுக்குங்க” என்றார் தலைவர்.

“சார், இது எதுத்து ஏறுற தண்ணிங்க. பெரிய ஆறு பெருகுனா இப்படித்தான் உள்ள தள்ளும். சாயங்காலம் திரும்பிரும்.”

“சாயங்காலம் குழு இருக்காதும்மா.”

“இருந்து பாத்துட்டுப் போங்க சார்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாருங்க. குழு இல்லாத நேரத்துல இந்த ஆறு என்ன பண்ணுதுன்னு குழு கவலப்பட முடியாது. குழு இருக்கும்போது என்ன பண்ணுச்சோ அதுதான் அதோட நடத்தை.”

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. தூங்குமூஞ்சி பெரிய ஆற்றில் கலக்கவில்லை. பெரிய ஆறுதான் தூங்குமூஞ்சியில் கலக்கிறது. ஆகவே தூங்குமூஞ்சி முதன்மை ஆறு. பெரிய ஆறு அதன் துணையாறு. முதன்மை ஆறுகளுக்கு நீள வரம்பு கிடையாது.

எழுநூறு கிலோமீட்டர் ஓடிவருகிற பெரிய ஆற்றின் தலைமைப் பொறியாளர் ஒரே நாளில் துணைத் தலைமைப் பொறியாளர் ஆனார். அவர் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வரவில்லை. துணையாற்றில் இவ்வளவு பெரிய அணை கட்டியது எப்படி என்று விளக்கம் கேட்டு, அணை கட்டியவர்களுக்குக் கடிதம் போனது. அவர்கள் செத்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத் தேர்வில் பழைய விடை எழுதிய பிள்ளைகளுக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று.

அவள் மறுபடி இரண்டு பேருந்து மாறிப் போனாள். இந்தத் தடவை அதிகாரி அவளை உட்காரச் சொன்னார்.

“பாத்தீங்களா? கால் கிலோமீட்டர் கேட்டு வந்தீங்க. துறை உங்களுக்கு ஒரு முதன்மை ஆத்தையே குடுத்திருக்கு.”

“சந்தோஷங்க சார். சாவி?”

“சாவி தர முடியாதும்மா.”

“ஏங்க?”

“துணையாத்துக்கு அளவு பாக்க நீங்க போதும். முதன்மை ஆத்துக்குப் பட்டதாரி வேணும். நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“ஆறாவது.”

“ஆறு இப்ப உங்கள விட மேல போயிருச்சு” என்றார் அதிகாரி. பெண்ணைப் பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்த அப்பாவிடம் பேசுகிறவர்போல இதமாகச் சொன்னார்.

பட்டதாரி வந்தார். கோட்டு போட்டிருந்தார். அதனால் ஊர் அவரைக் ‘கோட்டு’ என்றது. சாவி அவர் இடுப்பு வாரில் தொங்கியது. கெட்டவர் இல்லை. சோர்ந்துபோனவர், மூன்று பிள்ளைகள், இடமாற்றம் வேண்டி எழுதிய ஆறு மனுக்கள். முதல் நிலை அலுவலர் ஒரு நாளைக்கு இருபது படிக்குமேல் இறங்க விதியில் இடமில்லை என்பதால் இருபதாவது படியில் நின்றுகொண்டார்.

“ஏம்மா, நீங்க தன்னார்வலரா கீழ போய்ப் பாத்துச் சொல்லுங்களேன்.”

அவள் இறங்கினாள். எப்படியும் இறங்கத்தான் போகிறாள்.

மழை மாதம் பிறந்து, மலைப்பக்கம் மூன்று நாளாக விடாமல் பெய்தது. கீழிருந்து அவள் கத்தினாள்: “மூணு எழுபது!”

மேலே அவர் பேனாவை உயர்த்தியபடி யோசித்தார். “நேத்து எவ்வளவு?”

“நேத்து மூணு பத்து சொன்னேனே!”

“நேத்து நான் ரெண்டு அறுபதுன்னுதான போட்டேன்? இன்னிக்கு மூணு எழுபதுன்னு போட்டா, ஒரே நாள்ல எப்படி ஒரு மீட்டருக்கு மேல ஏறுச்சுன்னு மேல கேப்பாங்க. முதன்மை ஆத்துக்கு அது மரியாத இல்ல. ரெண்டு எழுபதுன்னு போட்டுக்கறேன். மீதிய நாளைக்குச் சேத்துக்கலாம்.”

“நாளைக்கு இன்னும் ஏறுமே சார்!”

“அத நாளான்னைக்குச் சேத்துக்கலாம்மா. தண்ணி எங்க போயிறப் போகுது?”

மறுநாள் நான்கு இருபது. அவர் இரண்டு எண்பது போட்டார். ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டருக்குமேல் ஏற அவர் ஆற்றை அனுமதிப்பதில்லை. அதற்கடுத்த நாள் காலை நான்கு அறுபது, இரண்டு தொண்ணூறு. கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

அன்றைக்குத்தான் தூங்குமூஞ்சியின் பதவியேற்பு விழா. பள்ளத் தெரு முனையில் மேடை போட்டு, இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே ‘முதன்மை ஆறே வருக’ என்று வளைவு வைத்திருந்தார்கள். குழுவின் ஏழு பேரும் மேடையில். துறை ஊழியர்கள் குடையோடு நாற்காலிகளில். இரண்டு தொண்ணூறு என்று பதிவேட்டில் இருந்ததால் யாருக்கும் பயமில்லை.

மதியம் மூன்று மணிக்கு அவள் இறங்கினாள். பாதிப் படிகளுக்குமேல் தண்ணீருக்குள் இருந்தன. தண்ணீர் செம்மண் நிறத்தில், வேரோடு வந்த ஒரு மரத்தை உருட்டிக்கொண்டு போனது. சேற்றைத் துடைத்துப் பலகையைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து மீட்டர் கோடு மறைந்தது.

கரையோரமாக மேடைக்கு ஓடினாள். ஓட்டம் என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால்களுக்கு அப்படியொரு நினைப்பு இல்லை. மேடைக்குப் பின்னால் கோட்டு நின்றுகொண்டிருந்தார்.

“சார், அஞ்சு தாண்டிருச்சு. சாவி குடுங்க.”

அவர் ஆற்றைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். “காலைல ரெண்டு தொண்ணூறும்மா. ரெண்டு தொண்ணூறுக்கு எப்படிச் சங்கு ஊதறது? ஊதுனா, இத்தன நாள் எழுதுனது என்னன்னு கேப்பாங்க.”

“சார், அந்தத் தெருவுல என் தங்கச்சி புருஷன் நடக்க முடியாமக் கெடக்கறாரு.”

“தலைவர் பேசி முடிக்கட்டும். அஞ்சு நிமிஷம். நானே கேட்டுச் சொல்றேன்.”

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்: “இந்த ஆற்றை ஆறாக்கியது எது? மழையா? இல்லை. மலையா? இல்லை. ஒரு தீர்மானம்! ஆறுகள் தாமாக ஓடுகின்றன என்ற மூடநம்பிக்கையைத் துறை இன்று உடைத்திருக்கிறது!”

ஐந்து நிமிடம் நின்றாள். பிறகும் தலைவர் முடிக்கவில்லை. சாவி கோட்டின் இடுப்பில் ஆடியது. கை நீட்டினால் எட்டும் தூரம்தான். ஆனால் அவள் வாழ்நாளில் அடுத்தவர் இடுப்பிலிருந்து எதையும் பிடுங்கியதில்லை. திரும்பி நடந்து, மீதிப் படிகளில் ஏறி, ஒரு கருங்கல்லைத் தூக்கிக் கொட்டகைப் பூட்டின்மேல் போட்டாள். ஏழாவது அடியில் பூட்டு வாயைத் திறந்தது. கைப்பிடியைச் சுற்றினாள். துருப்பிடித்த சங்கு முதலில் இருமியது. பிறகு ஊதியது.

மேடையில் தலைவர் பேச்சை நிறுத்தினார். தனக்காகத்தான் சங்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்து, கண் கலங்கி, கைகூப்பினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பள்ளத் தெரு கைதட்டவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அவளும் கை ஓய்ந்ததும் இறங்கித் தெருவுக்கு ஓடினாள். சாவிக்காக நின்றதிலும் பூட்டை உடைத்ததிலும் பதினைந்து நிமிடம் போயிருந்தது. தங்கை மூன்று ஆளைச் சேர்த்திருந்தாள். நான்காவது ஆள் வருவதற்குள் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர்.

“அக்கா, இனிமே தூக்க முடியாதுக்கா! இழுக்குது!”

கட்டிலில் இருந்தவர், “அளவு என்ன அண்ணி?” என்றார்.

“அஞ்சு நாப்பது இருக்கும்.”

“சரி. நீங்க ரெண்டு பேரும் போங்க.”

“வாய மூடிட்டுக் கெடங்க” என்றாள் தங்கை, கட்டில் காலைப் பிடித்தபடி.

தெருவுக்குள்ளேயே துடுப்புப் போட்டுக்கொண்டு படகுக்காரர் வந்தார். அவள்தான் வரும் வழியில் கரையிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டிலோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். மேட்டில் இறக்கியபோது கட்டிலின் கால் ஒன்று உடைந்திருந்தது, மனிதர் உடையவில்லை. நூற்று நாற்பது வீட்டு ஆட்களும் மேட்டில் நின்றார்கள். எண்ணிப் பார்த்தார்கள். யாரும் குறையவில்லை. துவைத்து மடித்திருந்த மருத்துவமனை விரிப்புகளை எதற்கென்று தெரியாமலே சிலர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கீழே மேடையைச் சுற்றித் தண்ணீர். ஊழியர்கள் எப்போதோ ஓடிவிட்டார்கள். குழுவின் ஏழு பேரும் நாற்காலிகள்மேல் ஏறி நின்றார்கள்.

“அண்ணே, அவங்கள?” என்று படகுக்காரரிடம் கேட்டாள்.

“விட்டுத் தொலைங்க அளவு. அவங்க கணக்குல தண்ணி ரெண்டு தொண்ணூறுதான? நடந்தே வருவாங்க.”

“பாவம்ணே. போயிட்டு வாங்க. எனக்காக.”

அவர் மேட்டில் துப்பிவிட்டுத் துடுப்பை எடுத்தார். மேடையில் படகை ஒட்டிப் பிடித்து ஏழு பேரையும் ஏற்றினார். மழை வலது பக்கமிருந்து அடித்தது. ஏழு பேரும் நனையாமலிருக்க இடது பக்கமாக நகர்ந்தார்கள். படகுக்காரர் ஏதோ கத்தியது மேடுவரை கேட்டது. மழையில் வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவுமில்லை. படகு சாய்ந்து, சுழன்று, வளைவின் இரும்புத் தூணில் மோதி இரண்டாகப் பிளந்தது.

‘முதன்மை ஆறே வருக’ என்ற எழுத்துகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எட்டுப் பேரும் தொங்கினார்கள். தெருவின் பெண்கள் விரிப்புகளை முடிச்சுப்போட்டுக் கயிறாக்கி வீசி, ஒவ்வொருவராக இழுத்தார்கள். கடைசியாக வந்தவர் படகுக்காரர். கையில் துடுப்பு இருந்தது. படகு பெரிய ஆற்றோடு போய்விட்டது, அதாவது துணையாற்றோடு.

வெள்ளம் வடிந்தபின் மூன்று கடிதங்கள் வந்தன.

முதல் கடிதம் ஆற்றைப் பற்றி. பதவியேற்பு நாளன்று மேலதிகாரிகள் முன்னிலையில் கட்டுப்பாடின்றி நடந்துகொண்டதால், விசாரணை முடியும்வரை தூங்குமூஞ்சி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறது. அளவு நிலையம் மூடப்படுகிறது. கோட்டுக்கு அவர் கேட்ட இடமாற்றம் கிடைத்தது. தேநீர்க் கறை ஏரிக்கு. அங்கே தண்ணீர் ஒரே அளவில் நிற்பதால் அவருக்கு நிம்மதி.

இரண்டாவது கடிதம் அவளுக்கு. துறைக்குச் சொந்தமான பூட்டு ஒன்றைச் சேதப்படுத்தியதால், முப்பது நாளுக்குள் அதே அளவில் புதிய பூட்டு ஒன்றும் அதன் சாவி ஒன்றும் ஒப்படைக்க வேண்டும். அவள் கடைவீதியில் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிக் கொட்டகையில் மாட்டினாள். பூட்டோடு இரண்டு சாவி வந்தது. கடிதத்தில் ‘சாவி ஒன்று’ என்றுதான் இருந்தது. ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டாள். இன்னொன்று இடுப்பில், பழைய இடத்தில் தொங்கியது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கப் படிவம் இல்லை.

மூன்றாவது கடிதம், படகுக்காரருக்காக அவள் எழுதிப்போட்ட மனுவுக்குப் பதில். சம்பவ நாளன்று பதிவேட்டின்படி நீர்மட்டம் இரண்டு மீட்டர் தொண்ணூறு. இரண்டு தொண்ணூறில் படகு கவிழ வாய்ப்பில்லை. ஆகவே படகு கவிழவில்லை. அவள் நேரில் போய், அந்த ஏரியில் சும்மா நிற்கிற படகையாவது தரக்கூடாதா என்று கேட்டாள். அதிகாரி வரைபடத்தைக் காட்டினார். “படக எடுத்துட்டா அப்புறம் அது ஏரின்னு எத வச்சும்மா சொல்றது?”

படகுக்காரர் இப்போது பள்ளத் தெருவில் ஈர விரிப்பு மூட்டைகளைத் தோளில் சுமக்கிறார். துடுப்பை விரிப்பு காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் மாலை அவள் அளவு பார்த்துவிட்டு ஏறிவந்தபோது எதிரே வந்தார்.

“என்ன அளவு, ஆறு இன்னும் சஸ்பெண்டுலதான் இருக்கா?”

“ஆமாண்ணே. ரெண்டு பத்து ஓடுது.”

“ஓடட்டும்.”

“அண்ணே, அந்தப் படகு...”

“நான் உங்கள ஏதாச்சும் கேட்டனா?”

“நீங்க கேக்கலதான். போகச் சொன்னது நான்தான.”

அவர் மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார். ஈரம் முதுகெல்லாம் வழிந்தது. அவள் படியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டி, நோட்டை எடுத்து அன்றைய அளவை எழுதினாள். அதற்குக் கீழே, வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாள் விடாமல் எழுதிவருகிற வரியையும் எழுதினாள்: படகுக்காரருக்கு ஒரு படகு பாக்கி.